28 ஆயிரமா, 38 ஆயிரமா? பெரியம்மாவுக்கு எந்த இல்லம்?

கேள்வி: பெரியம்மாவுக்கு 78 வயது. இரண்டு வேளை இன்சுலின், நாளுக்கு மூன்று டயாப்பர். மூட்டு மாற்று அறுவைக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கிறார். கோவையில் இரண்டு முதியோர் பராமரிப்பு இல்லங்களைப் பார்த்தோம். ஒன்றில் மாதம் 28,000 ரூபாய், 18% ஜிஎஸ்டி தனி. இன்னொன்றில் "எல்லாம் சேர்த்து" 38,000. விலைப் பட்டியல்களை இணைத்திருக்கிறேன். பத்தாயிரம் கூடுதலாகக் கொடுப்பது சரியா?

பதில்: உங்கள் பெரியம்மாவின் நிலைக்கு 38,000 கேட்கும் இல்லம்தான் மலிவு. பட்டியலில் உள்ளதை வைத்தே கூட்டிப் பார்ப்போம்.

முதல் இல்லத்தில் 28,000-க்கு ஜிஎஸ்டி 5,040. ஊசி ஒன்றுக்கு 50 ரூபாய் வீதம் 60 ஊசிக்கு 3,000. துணி துவைக்க 1,500. பிசியோதெரபி 12 தடவை, தலா 500 என்றால் 6,000. டயாப்பர் 90, தலா 35 ரூபாய் வீதம் 3,150. மொத்தம் 46,690.

இரண்டாவதில் வரி, ஊசி, துவைப்பு, எட்டு பிசியோதெரபி ஆகியவை 38,000-க்குள் அடக்கம். மீதி நான்கு பிசியோதெரபிக்கு 2,000, டயாப்பருக்கு 3,150 என 43,150 ஆகிறது. "எல்லாம்" என்பதில் டயாப்பர் இல்லை என்பதையும் கவனியுங்கள். அநேகமாக எங்குமே இருக்காது.

வரி விஷயத்தில் ஒன்று. வருமான வரிச் சட்டத்தின்படி தொண்டு நிறுவனமாகப் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில், தங்குமிடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000-க்குள் வாங்கினால், 60 வயது நிறைந்தவருக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அப்படிப்பட்ட இல்லம் வரி கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

ஆனால் இன்றைய கணக்கு மட்டும் போதாது. வாக்கர் பிடித்து நடப்பவர் ஒருமுறை விழுந்தால் படுக்கையோடு ஆகிவிடலாம். அப்போது இல்லம் அவரை "அடுத்த நிலை"க்கு மாற்றும், கட்டணமும் ஏறும். எத்தனை நிலைகள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, மாற்றுவதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கூட இருக்க ஆள் அனுப்புவார்களா, அதற்கு நாள் கூலி என்ன, அந்த நாட்களுக்கு அறை வாடகை ஓடுமா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான சண்டைகள் இங்கேதான் வருகின்றன. ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் ஏற்றுவார்கள் என்பதும் முக்கியம். 38,000-க்கு பத்து சதவீதம் என்றால் மூன்றாம் ஆண்டில் அது 45,980.

பகலில், சொல்லிவிட்டுப் போனால் எல்லா இல்லமும் பளிச்சென்றுதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு ஏழு மணிக்குப் போங்கள். பாத்ரூமில் உள்ள அழைப்பு மணியை அழுத்தி, ஆள் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். இரவு ஷிப்டில் எத்தனை பேர், அவர்களில் தகுதி பெற்ற நர்ஸ் உண்டா என்று கேளுங்கள். இன்சுலின் போடுபவருக்கு இரவு உணவு எத்தனை மணிக்கு என்பது வெறும் சமையலறை விஷயம் அல்ல. ஆறரைக்கே கொடுத்துவிட்டு மறுநாள் காலை எட்டரைக்கு இட்லி என்றால் 14 மணி நேர இடைவெளி. விடியற்காலையில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். மருந்து கொடுத்த நேரத்தை எழுதும் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து என்றால் உட்கார்ந்து மொத்தமாக நிரப்பியதாக இருக்கலாம்.

முழு அட்வான்ஸ் கட்டும் முன், நாள் கணக்கில் பணம் கொடுத்து இரண்டு வாரம் தங்க வைத்துப் பாருங்கள்.

கேள்வி: அத்தைக்காக ஓர் இல்லத்தில் இரண்டு லட்சம் அட்வான்ஸ் கட்டினோம். இரண்டு மாதத்தில் அழைத்து வந்துவிட்டோம். பணம் தர மறுக்கிறார்கள்.

பதில்: முதலில் ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம், பிடித்தம் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிடித்தம் போக மீதியைக் கேட்டு, 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; இல்லம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ரொக்கமாகக் கட்டி ரசீது வாங்காதவர்கள்தான் இதில் திண்டாடுகிறார்கள்.

கேள்வி: இல்லத்துக் கட்டணத்தை மருத்துவக் காப்பீட்டில் வாங்க முடியுமா?

பதில்: பொதுவாக முடியாது. வழக்கமான பாலிசிகள் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்குத்தான். 70 வயது நிறைந்தவர்களுக்கான ஆயுஷ்மான் பாரத் அட்டையின் ஐந்து லட்சமும் அப்படியே. ஆனாலும் அந்த அட்டையை எடுத்து, நகலை இல்லத்துக் கோப்பில் வையுங்கள். நள்ளிரவில் ஆம்புலன்ஸ் ஏற்றும்போது தேட வேண்டியிருக்காது.