காம்பவுண்டு பெரிது, நாயும் பெருத்துவிட்டது!
வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: வீட்டைச் சுற்றி நிறைய இடம், உறுதியான வேலி. எங்கள் லாப்ரடாரை நாள் முழுக்க அவிழ்த்துத்தான் விட்டிருக்கிறோம். ஆனாலும் எடை ஏறிக்கொண்டே போகிறது; செருப்புகளையெல்லாம் கடித்துக் குதறுகிறான். ஏன் டாக்டர்?

பதில்: ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி அவனைக் கவனியுங்கள். அவிழ்த்துவிட்டதும் கேட் வரை ஒரு ஓட்டம். வேலியோரமாக ஒரு சுற்று, மூன்று இடங்களில் காலைத் தூக்கிக் கையெழுத்து. தெருவில் போகிறவரைப் பார்த்து நாலு குரைப்பு. பத்தாவது நிமிடம் வாசற்படிக்கு வந்து, மோவாயை முன்னங்கால்மேல் வைத்துப் படுத்துவிடுவான். மிச்சப் பொழுதெல்லாம் யாராவது கதவைத் திறப்பார்களா என்ற காத்திருப்புதான். என்னிடம் வரும் குண்டு நாய்களில் பல, பெரிய தோட்டமுள்ள வீடுகளிலிருந்து வருபவை. வேலி காவலுக்கு மட்டும்தான். ஓடியாட அவனுக்குக் கூட ஓர் ஆள் வேண்டும்.

காலையும் மாலையும் அரை மணி நேரமாவது வெளியே நடத்திக் கூட்டிப்போங்கள். வழியில் மோப்பம் பிடிக்க நின்றால் கயிற்றைச் சுண்டி இழுக்காதீர்கள். நாயின் மூக்கில் வாசனை உணரும் ஏற்பிகள் 10 கோடிக்கும் மேல். உங்கள் தோட்டம் அதற்குப் படித்து முடித்த பழைய செய்தித்தாள். நடக்க முடியாத நாளில், தட்டில் கொட்டும் தீனியில் ஒரு பங்கைப் புல்தரையில் தூவித் தேடவிடுங்கள். அரை மணி நேரம் மூக்கால் உழைத்த நாய் செருப்பைத் தேடாது. எடையைச் சோதிக்கத் தராசு கூட வேண்டாம். விலாவில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தடவினால் எலும்புகள் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேடவேண்டியிருந்தால் தீனியைக் குறையுங்கள்.

கேள்வி: வேலிக்கு அடியில் பள்ளம் பறித்து வெளியே போய்விடுகிறது. மூடிய பள்ளத்தை மறுநாளே மறுபடி பறிக்கிறது.

பதில்: நிழலில் குழி பறித்து அதிலேயே படுத்தால், அது குளிர்ச்சிக்காக. தோட்டத்து நடுவில் ஒரே இடத்தைக் குடைந்தால், உள்ளே எலி இருக்கக்கூடும். உங்களுடையது வேலியடியில் பறிக்கிறது. ஆக, வெளியே போக அதற்கு ஏதோ காரணம் இருக்கிறது. கருத்தடை செய்யாத ஆண் நாயா? பெண் நாயின் வாசனை வெகுதூரத்திலிருந்தே இழுக்கும். வெடிச் சத்தமா? நாள் முழுக்கத் தனிமையா? அதைக் கண்டுபிடிக்காமல் பள்ளத்தை மட்டும் மூடினால் கதை தொடரும்.

வேலிக்கான வழி இது. கம்பி வலையை 'ட' வடிவில் மடித்து, நிற்கும் பக்கத்தை வேலியோடு கட்டுங்கள். படுக்கும் பக்கம் தோட்டத்துக்குள் இரண்டடி நீண்டு தரையோடு கிடக்கட்டும். முளையடித்து மண்ணைப் பரப்பிவிட்டால் புல் மூடிக்கொள்ளும். நாய் வேலியின் காலடியில்தான் பறிக்கும். இரண்டடி பின்வாங்கி அங்கிருந்து பறிக்கலாமே என்று அதற்குத் தோன்றாது. வலையின் வெட்டுமுனைகளை மறக்காமல் மடக்கிவிடுங்கள். டெரியர் இனமென்றால் கூடுதல் பொறுமை வேண்டும். அந்தப் பெயரே மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

கேள்வி: ஹஸ்கி வளர்க்கிறோம். நாலடி வேலி போதுமா?

பதில்: போதாது, ஆறடியாவது வேண்டும். உயர்த்துவதற்கு முன்னால் வேலியை ஒட்டிப் பூந்தொட்டி, பெஞ்சு, விறகுக் குவியல் இருக்கிறதா என்று பாருங்கள். அதெல்லாம் நாய்க்கு நீங்களே போட்டுக்கொடுத்த படிக்கட்டு. கட்டம் கட்டமான கம்பி வலையில் கால் வைத்து ஏறும் ஹஸ்கிகளும் உண்டு; வலையின் மேல்பகுதியை உள்பக்கமாகச் சாய்த்துவிடுங்கள். ஓடிவிடும் என்று பயந்து வேலியருகே கயிற்றில் கட்டிப்போடுவதை மட்டும் செய்யவே கூடாது. தாண்டிக் குதித்தால் கழுத்து இறுகித் தொங்கிவிடும்.

கேள்வி: மண்ணுக்கடியில் கம்பி புதைத்து, எல்லை தாண்டினால் கழுத்துப்பட்டையில் மின் அதிர்வு தருகிறார்களே, அது நல்லதா?

பதில்: எனக்கு உடன்பாடில்லை. பூனையைத் துரத்தும் வேகத்தில் நாய் அந்த அதிர்வைத் தாங்கிக்கொண்டு வெளியே பாய்ந்துவிடும். திரும்பும்போது பூனையும் இருக்காது, வேகமும் இருக்காது. அதிர்வு மட்டும் இருக்கும். பிறகு ஏன் உள்ளே வரப்போகிறது? அதோடு, வெளிநாய் உள்ளே புகுந்து கடித்தால் அதைத் தடுக்க அங்கே எதுவுமே இல்லை.

கேள்வி: பக்கத்து வீட்டு நாயைப் பார்த்து வேலியோரம் ஓயாமல் குரைக்கிறது.

பதில்: பலகையோ தடித்த துணியோ கட்டிப் பார்வையை மறையுங்கள். பாதிக் குரைப்பு குறையும்.

கேள்வி: பக் நாயை மதியத்தில் தோட்டத்தில் விளையாட விடலாமா?

பதில்: வேண்டாம். நாய்க்குப் பாதங்களில் மட்டும்தான் பேருக்கு வியர்க்கும். மூச்சிரைத்துத்தான் உடம்பைத் தணித்துக்கொள்ளும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அதுவும் சிரமம். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். நாக்கு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் உடனே உடம்பில் தண்ணீர் ஊற்றி, காற்றுப்படச் செய்து, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: வேலியோரம் எந்தச் செடிகள் கூடாது?

பதில்: அரளி, ஆமணக்கு, சைகஸ் (குட்டைப் பனைபோல் இருக்கும் அழகுச் செடி). மூன்றுமே கொல்லக்கூடியவை. இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் கேட்டைத் திறந்துபோட்டுவிடுகிறார்கள். நாய் ஓடிவிட்டால் என்ன செய்வது?

பதில்: தானாக மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் மாட்டுங்கள், முடிந்தால் உள்ளே இன்னொரு சிறு கேட். கழுத்துப்பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். ஓடிவிட்டால் துரத்தாதீர்கள், அது விளையாட்டு என்று நினைத்து இன்னும் ஓடும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி எதிர்ப்பக்கம் ஓடுங்கள், குந்தி உட்காருங்கள். வந்ததும் தட்டிக்கொடுங்கள். அந்த நேரத்துக் கோபத்தில் ஒரு அடி வைத்தால், ஓடியதற்காக அடித்தீர்கள் என்று அதற்குப் புரியாது. திரும்பி வந்ததற்காக அடித்தீர்கள் என்றுதான் புரியும்.