குடியை ஒரேயடியாக நிறுத்தினால் ஏன் வலிப்பு வருகிறது?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “என் கணவர் பத்து வருடமாகத் தினமும் அரைப் போத்தல் சாராயம் குடிக்கிறார். போன வருடம் அம்மன் சடங்குக்காக நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. இப்போது திரும்பவும் விட விரும்புகிறார். அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் மருந்து கொடுக்கலாமா?”

கலக்க வேண்டாம். வீட்டில் வைத்து நிறுத்தவும் வேண்டாம். ஒரு தடவை வலிப்பு வந்தவருக்கு அடுத்த தடவை அதைவிடக் கடுமையாக வரக்கூடும். வார்டில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும்.

அரைப் போத்தல் என்றால் 375 மில்லிலீற்றர். அதில் ஏறக்குறைய 100 கிராம் சுத்த மதுசாரம் உண்டு. அது தினமும் மூளையை மந்தப்படுத்த, மூளை அதற்கு ஈடுகொடுக்கத் தன் கிளர்ச்சியைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. சாராயம் நின்றதும் மந்தம் போய்விடும், கிளர்ச்சி மட்டும் மிஞ்சும். பட்டினியால்தான் வலிப்பு வருகிறது என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். 1955இல் ஹாரிஸ் இஸ்பெல் குழுவினர் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வில், நல்ல சாப்பாடும் விற்றமினும் கிடைத்தவர்களுக்கும் குடி நின்றதும் வலிப்பும் பிதற்றலும் வந்தன. கைதிகளை வைத்துச் செய்த சோதனை அது. இன்று அனுமதிக்கவே கூடாதது.

கடைசியாகக் குடித்து 6 மணித்தியாலத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் 48 மணித்தியாலத்துக்குள் வரும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் ஆள் தடுமாறி, இல்லாததைக் கண்டு பேசினால், காய்ச்சலும் படபடப்பும் சேர்ந்தால், அது உயிராபத்து. பேய் பிடித்ததென்று மந்திரிக்கக் கொண்டுபோய் நேரத்தை இழக்காதீர்கள். 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம். கையில் இரும்பு கொடுப்பதால் பயனில்லை.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எவ்வளவு குடிப்பார், கடைசியாக எத்தனை மணிக்குக் குடித்தார், முன்பு வலிப்பு வந்தது, வேறென்ன குளிசை எடுக்கிறார் என்பவற்றை எழுதிக் கொண்டுபோங்கள். அங்கு போய்ச் சேரும்வரை போத்தலை ஒளித்து வைக்காதீர்கள்.

வார்டில் மூளையின் கிளர்ச்சியை அடக்கும் டயசபாம் போன்ற மருந்தைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். பார்மசியில் வாங்கி நீங்களே கொடுத்தால், சாராயத்தோடு சேர்ந்து மூச்சை நிறுத்திவிடலாம். தயமின் (விற்றமின் B1) ஊசியும் தேவை. குடிப்பவரின் குடல் அந்த விற்றமினைச் சரியாக உறிஞ்சாது. தயமின் குறைவாக உள்ளவருக்கு அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். நடை தள்ளாடுவதும் கண் அலைவதும் அதன் அடையாளங்கள்.

சாப்பாட்டில் கலக்கச் சொல்லி விற்கும் தூளில் பெரும்பாலும் என்ன இருக்கிறதென்றே தெரியாது. குடியை உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்பிரம் என்ற மருந்து அதில் இருந்தால், அவர் அறியாமல் சாராயம் குடித்தவுடன் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து விழலாம். டைசல்பிரம் நல்ல மருந்துதான். ஆனால் கடைசியாகச் சாராயம் குடித்து குறைந்தது 24 மணித்தியாலம் கழிந்தபின், ஈரலைச் சோதித்து, அவரே சம்மதித்து அந்த மருந்தை எடுக்க வேண்டும். மருந்தை விட்ட பிறகும் இரண்டு வாரம்வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். குடிக்கும் ஆசையைத் தணிக்க நல்ட்ரெக்சோன் என்ற மருந்தும் உண்டு. வார்டிலிருந்து வரும்போது இவற்றில் எது அவருக்குப் பொருந்தும் என்று வைத்தியரிடம் கேளுங்கள். அடுத்த கிளினிக் திகதியையும் எழுதி வாங்குங்கள்.