வீட்டுக் கணினி ஆன் செய்ததும் ஏன் திணறுகிறது? ஸ்டார்ட்அப் ஆப்ஸ் என்றால் என்ன?

விண்டோஸ் திறக்கும்போது நாம் கேட்காமலேயே கூடவே ஓடத் தொடங்கும் புரோகிராம்கள்தான் ஸ்டார்ட்அப் ஆப்ஸ். புதிதாக எதை இன்ஸ்டால் செய்தாலும் பல சமயம் அது தன்னையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும், நமக்குத் தெரியவே தெரியாது.

ஓடும் புரோகிராம்கள் தற்காலிகமாகத் தங்கும் நினைவகமான ரேமை மேசை என்றும், எல்லாம் சேமித்து வைக்கப்படும் ஹார்ட் டிஸ்க்கை அலமாரி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் இருப்பதைச் சட்டென்று எடுக்கலாம். ஆனால் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் போல வேண்டாத புத்தகங்களே மேசையை அடைத்துக்கொண்டால், ஒன்றை வைக்க இன்னொன்றை அலமாரிக்குக் கொண்டுபோக வேண்டும், அப்புறம் அது தேவைப்படும்போது மறுபடி எழுந்து போய் எடுத்து வர வேண்டும், கணினியும் அதைத்தான் செய்கிறது. பழைய சுழலும் டிஸ்க் என்றால் இந்த நடை இன்னும் மெதுவாகும்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஸ்டார்ட்அப் பகுதியில் எது எவ்வளவு பாரம் என்று அங்கேயே போட்டிருக்கும். தினமும் தொடாததை டிசேபிள் செய்யுங்கள். ஆன்ட்டிவைரஸ், டச்பேட், ஒலி சம்பந்தப்பட்டவற்றை மட்டும் தயவுசெய்து தொடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். டிசேபிள் செய்தால் புரோகிராம் அழியாது, வேண்டும்போது நீங்களே திறந்துகொள்ளலாம்.

டெஸ்க்டாப்பில் ரெஃப்ரெஷ் அழுத்திக்கொண்டே இருந்தால் வேகம் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். அது ஐகான்களைப் புதுப்பித்துக் காட்டுவதோடு சரி, ரேமில் இடம் எதுவும் காலியாகாது.