ஸ்காட்லாந்து ஏரிக்கரைகளில் இடிந்த கோட்டைகள்: சிரமமில்லாத நடைகள் பற்றிக் கேள்வி பதில்

பன்னிரண்டு வருடமாக ஸ்காட்லாந்தின் ஏரிக்கரைகளிலும் பைன் காடுகளிலும் நடந்துகொண்டிருக்கிறேன். மலையேறுவது என் வேலை இல்லை. சமதளப் பாதையும், கொஞ்சம் மரநிழலும், வழியில் ஓர் இடிந்த கோட்டையும் இருந்தால் எனக்குப் போதும். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஊரிலிருந்து அம்மா அப்பா வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க முடியாது. எங்கே கூட்டிக்கொண்டு போகலாம், அக்கா?

கின்ராஸ் ஊரில் இருக்கும் லாக் லீவன் (இங்கே லாக் என்றால் ஏரி). எடின்பரோவிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஏரியைச் சுற்றி வரும் பாதை மொத்தம் 21 கிலோமீட்டர், ஆனால் நீங்கள் அதில் ஒரு துண்டு நடந்தால் போதும். மேடு பள்ளம் கிடையாது, சக்கர நாற்காலியே ஓடும்.

கோட்டை ஏரியின் நடுவே ஒரு தீவில் இருக்கிறது. வெயில்கால மாதங்களில் கின்ராஸ் கரையிலிருந்து படகு போகும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஸ்காட்லாந்து அரசி மேரியை 1567 ஜூனில் இங்கேதான் சிறை வைத்தார்கள். இரட்டைக் கரு கலைந்து படுத்த படுக்கையாகக் கிடந்தவளிடம் ஜூலை 24 அன்று முடிதுறப்புப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு வயதைத் தாண்டிய அவள் மகன் அரசனானான். மறு வருடம் மே 2 இரவு, அந்தக் கோட்டையிலேயே வளர்ந்த ஒரு பையன் சாவியை எடுத்து அவளைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தான். அம்மாவுக்கு இந்தக் கதையைக் கரையிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் அந்தச் சின்னக் கோபுரத்தைப் பார்க்கும்போது அவருக்கே புரியும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இன்று தீவில் புல்வெளியும் மரங்களும் இருக்கின்றன. மேரி காலத்தில் அதெல்லாம் இல்லை, தண்ணீர் ஏறக்குறைய மதில்வரை வந்து நின்றது. 1830களில் ஏரியின் மட்டத்தைக் குறைத்த பிறகுதான் தீவு பெரிதானது.

புல்லில் உட்காரும்போது காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். உண்ணி இருக்கும்.

குழந்தை வண்டி தள்ளிக்கொண்டு போக முடியுமா?

லாக் லீவனில் தாராளமாக. லாக் அன் எய்லனில் பெரிய சக்கர வண்டி என்றால் சரி, சில இடங்களில் வேர் குறுக்கிடும்.

லாக் அன் எய்லன் பற்றி விரிவாகச் சொல்லுங்கள். தீவுக் கோட்டைக்குப் போக வழி உண்டா?

வழி இல்லை, கரையிலிருந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் ஸ்காட்லாந்தில் ஒரே ஒரு நடைக்குத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

ஏவிமோர் ஊருக்குப் பக்கத்தில், ராத்திமர்கஸ் காட்டுக்குள் இருக்கிறது. ஒரு சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். மரங்கள் பழைய கலிடோனியப் பைன்கள். கீழ்ப்பட்டை சாம்பல் நிறம், மேலே போகப் போகச் செம்மண் நிறம். மழை நின்றதும் வெயில் பட்டால் அந்தச் செம்மை எரிவதுபோல் இருக்கும். தரையில் முழங்கால் உயரத்துக்கு ஹெதரும் பில்பெரிச் செடியும். சத்தம் போடாமல் நின்றால் சிவப்பு அணில் தென்படும்.

கோட்டைச் சுவர் நேராகத் தண்ணீரிலிருந்தே எழும்பி நிற்பதுபோல் தெரியும். அந்தக் காலத்தில் வெட்டிய மரங்களை ஆற்றில் மிதக்கவிட்டு அனுப்ப ஏரி நீரை மடை கட்டித் தேக்கினார்கள். மட்டம் உயர்ந்து தீவின் விளிம்பு மூழ்கிவிட்டது. எதிர்க்கரையில் நின்று கூப்பிட்டால் குரல் சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

எனக்கு மனம் கனக்கும் விஷயம் ஒன்று உண்டு. விராலடிப்பான் பறவைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தச் சுவர்மேல் கூடு கட்டின. முட்டை சேகரிக்கும் பித்துப் பிடித்தவர்கள் குளிர்ந்த தண்ணீரில் நீந்திப்போய் முட்டைகளை எடுத்தார்கள். நூற்றாண்டு திரும்பும் சமயத்தில் பறவைகள் வராமலே போயின. 1950களில்தான் பக்கத்திலுள்ள லாக் கார்ட்டனுக்கு மறுபடி வந்தன. இந்தக் கோட்டை இன்னும் காலியாகவே இருக்கிறது. நான் ஒவ்வொரு முறையும் அந்த மேல்விளிம்பைத்தான் முதலில் பார்ப்பேன்.

நாய் கொண்டுபோகிறவர்கள் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கயிற்றிலேயே வைத்திருங்கள். கேப்பர்கெய்லி என்ற பெரிய காட்டுக்கோழி தரையில்தான் முட்டையிடும், எண்ணிக்கையில் மிகக் குறைந்துவிட்ட பறவை. வீட்டுக்கு வந்ததும் நாயின் காதுமடலில் உண்ணி பாருங்கள்.

தனியார் நிலத்தில் நடந்தால் பிரச்சினை வராதா?

ஸ்காட்லாந்தில் வராது. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடக்கும் யாருக்கும் பெரும்பாலான நிலத்தில் நடக்கும் உரிமை தருகிறது. வீட்டுத் தோட்டமும் விளைந்து நிற்கும் வயலும் அதில் சேராது. திறந்த கதவு திறந்தபடி, மூடிய கதவு மூடியபடி இருக்கட்டும். இங்கிலாந்தில் சட்டம் வேறு.

பென் நெவிஸ் ஏற என்ன ஷூ வாங்கலாம்?

மலையேறுபவர்களிடம் கேளுங்கள்.

எய்லன் டொனன் 13ஆம் நூற்றாண்டுக் கோட்டை, ஸ்காட்லாந்திலேயே அழகானது. அதை நீங்கள் ஒருமுறைகூடச் சொல்லவில்லையே?

தொடங்கியது 13ஆம் நூற்றாண்டில்தான். ஆனால் 1719இல் ஸ்பானிய வீரர்கள் அதற்குள் இருந்தபோது அரச கடற்படைக் கப்பல்கள் சுட்டு நொறுக்கின, பிறகு வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்கள். இருநூறு வருடம் கற்குவியலாகக் கிடந்தது. 1911இல் வாங்கிய ஒருவர் எழுப்பத் தொடங்கி, 1932இல் முடிந்தது. படங்களில் வரும் கல்பாலமும் அப்போது கட்டியதுதான். இடிந்த கோட்டைகளைப் பற்றிய பகுதி இது, அதனால் சொல்லவில்லை.

நாய்க்கு உண்ணி ஒட்டினால் எண்ணெய் ஊற்றலாமா?

கூடாது, தீக்குச்சியும் கூடாது. கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, மெதுவாக இழுங்கள். மனிதர்களுக்கும் இதேதான். கடித்த இடத்தைச் சுற்றிச் சில நாளிலோ சில வாரத்திலோ வட்டமாகச் சிவந்து பரவினால் டாக்டரிடம் போங்கள், லைம் நோயாக இருக்கலாம்.

எய்லன் டொனன் பற்றி நீங்கள் சொன்னது நியாயமில்லை. கட்டியவர் தன் முன்னோரின் கோட்டையை மீட்டார். இல்லாவிட்டால் அங்கே பார்க்க என்ன இருக்கும், நாலு கல்லா?

அவர் அன்பை நான் குறை சொல்லவில்லை. கூரை இருந்தால் சுவர் பிழைக்கும் என்பதும் உண்மை. கூரையில்லாத சுவரின் தலையில் மழைநீர் இறங்கும், குளிரில் உறையும், உறைந்தால் விரியும், கல் நெகிழும். சுண்ணாம்புக் காரை கரைந்து போகும். இதை நிறுத்த ஒரு காலத்தில் சிமென்ட் பூசினார்கள், அது ஈரத்தை உள்ளேயே அடைத்துக் கல்லைக் கெடுத்தது.

ஆனால் "நாலு கல்" என்பதை ஏற்க மாட்டேன். லாக் ஆ ஏரியின் தலைமாட்டில் இருக்கும் கில்கர்ன் கோட்டைக்குப் போய்ப் பாருங்கள். மாடிகள் விழுந்துவிட்டன, அதனால்தான் மாடி எப்படி நின்றது என்று தெரிகிறது. உத்தரம் செருகிய சதுரக் குழிகள் வரிசையாக இருக்கும். தலைக்கு மேலே, கால் வைக்கத் தரையே இல்லாத இடத்தில், ஒரு கணப்பு சுவரில் தொங்கும். யாரோ அதன் முன் உட்கார்ந்து குளிர் காய்ந்திருக்கிறார்கள். முற்றத்தில் ஒரு சிறு கோபுரத்தின் உடைந்த பகுதி தலைகீழாகக் கிடக்கிறது, 1760இல் இடி விழுந்தபோது வந்து விழுந்த இடத்திலேயே. அதைத் தூக்கி மேலே வைத்துப் பூசியிருந்தால் அந்தக் கணம் நமக்குக் கிடைக்காது.

அப்படியானால் எல்லாம் இடிந்து போகட்டும் என்கிறீர்களா? முதலில் கேட்டவர் பக்கம்தான் நானும்.

இல்லை. இருப்பது விழாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். சுவரின் தலையை மூட வேண்டும், சுண்ணாம்புக் காரையே போட வேண்டும். இல்லாததை ஊகித்துக் கட்ட வேண்டாம் என்பதுதான் என் கட்சி. இதில் மூன்று பேர் எனக்கு எதிராக எழுதியிருக்கிறீர்கள், எல்லாவற்றையும் படித்தேன், கருத்து மாறவில்லை.

லாக் நெஸ் பக்கம் அர்கார்ட் கோட்டை?

1692இல் அங்கிருந்த படையே கிளம்பும்போது தகர்த்தது. நல்ல கோட்டைதான், ஆனால் டிக்கெட், கூட்டம், பேருந்து வரிசை. நடை என்று சொல்ல முடியாது.

ஏரியில் பிள்ளைகள் இறங்கலாமா?

கணுக்கால் வரை. ஜூலையிலும் உள்ளே தண்ணீர் சில்லென்று இருக்கும், திடீர்க் குளிரில் மூச்சு திணறும். கரை சட்டென்று ஆழமாகும்.

உண்ணிக்கு என்ன செய்வது?

மேலே மூன்று முறை சொல்லிவிட்டேன். படியுங்கள்.

இந்தச் சனிக்கிழமை கில்கர்ன் போகிறோம். மூன்று நாளாக மழை. பாதை எப்படி இருக்கும்?

சாலையோர வண்டி நிறுத்தத்திலிருந்து ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து போகும் பாதை அது, தூரம் குறைவு. ஆனால் 1817இல் ஏரி மட்டத்தைக் குறைக்கும்வரை அந்தக் கோட்டை இருந்தது தீவில். மழை பெய்தால் தண்ணீர் பழைய இடத்தைக் கேட்டு வரும், பாதை மூழ்கும். பாலத்தடியில் தண்ணீர் நின்றால் திரும்பிவிடுங்கள். ஏரியின் மறுகரைக்கு வண்டியை ஓட்டிப் போய் அங்கிருந்து பாருங்கள். காற்று இல்லாத நாளென்றால் கோட்டை முழுவதும் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும். ஆனால் காற்று இல்லாவிட்டால் மிட்ஜ் பூச்சியும் இருக்கும், முகவலை எடுத்துக்கொள்ளுங்கள்.