வாட்ஸ்அப் எப்படித் தொடங்கியது? உலகம் முழுக்க இவ்வளவு வேகமாகப் பரவியது ஏன்?

யாகூவில் வேலை பார்த்த ஜான் கௌம், பிப்ரவரி 2009-ல் கலிபோர்னியாவில் இதைப் பதிவு செய்தார். அப்போது இது செய்தி அனுப்பும் செயலியே அல்ல. ‘பேச முடியாது’, ‘ஜிம்மில் இருக்கிறேன்’ என்று பெயருக்குப் பக்கத்தில் ஸ்டேட்டஸ் காட்டும், அவ்வளவுதான்.

அதே ஆண்டு ஜூனில் ஆப்பிள் ஐபோனில் புஷ் நோட்டிஃபிகேஷன் வசதியைத் திறந்தது. ஸ்டேட்டஸை மாற்றினால் நண்பர்களின் போனுக்கு உடனே தகவல் போனது. ஆட்கள் அதை வைத்தே பேசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த பதிப்பில் மெசேஜ் வசதி வந்தது. யாகூவில் உடன் வேலை பார்த்த பிரையன் ஆக்டனும் அந்த ஆண்டே சேர்ந்தார்.

பரவியதற்கு முதல் காரணம், என் கணிப்பில், போன் நம்பரே கணக்கு ஆனது. யூசர்நேம், பாஸ்வேர்டு கிடையாது. ஓடிபி போட்டதும் காண்டாக்ட் பட்டியலில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று தானே காட்டிவிடும். வெளிநாட்டுக்கு எஸ்எம்எஸ் அனுப்பக் காசு போகும். இதில் டேட்டா மட்டும்தான். ஐபோனோடு நிற்காமல் பிளாக்பெர்ரி, நோக்கியாவின் சாதாரண எஸ்40 போன்களுக்கும் கொடுத்தார்கள். இதைப் பலர் கவனிப்பதில்லை.

சர்வர் பக்கம் எர்லாங் என்ற புரோகிராமிங் மொழி. எதிராளியின் போன் அணைந்திருந்தால் செய்தி சர்வரில் காத்திருக்கும், ஒரே டிக்தான் தெரியும். போய்ச் சேர்ந்ததும் இரண்டாவது டிக் விழும், சர்வரிலிருந்து செய்தி நீங்கும். 2014-ல் பேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது பயனர்கள் 45 கோடி, ஊழியர்கள் சுமார் 55 பேர். பயனர்கள் 2016-ல் 100 கோடி, 2020-ல் 200 கோடி.