சிரிக்காத முகம்: பஸ்டர் கீட்டன் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் தம் ஊமைப்படங்களில் சிரிப்பதே இல்லையே. அது எவரேனும் சொல்லிக்கொடுத்த உத்தியா?

பதில்: திரைக்கு வருவதற்கு வெகுநாள் முன்பே மேடையில் அவர் கற்றது அது. 1895 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்த அவர், ஊர் ஊராகப் பல்சுவை நிகழ்ச்சி நடத்திய பெற்றோருடன் சிறு குழந்தையாகவே மேடை ஏறினார். சொல்பேச்சுக் கேளாத பிள்ளையைத் தந்தை தூக்கி எறிவதுதான் அவர்களுடைய நகைச்சுவை. எறிவதற்கு வாகாக, சிறுவனின் உடையில் முதுகுப்புறம் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்து வைத்திருந்தார்கள். விழுந்து எழுகிற பிள்ளை தானும் சிரித்துவிட்டால் அரங்கம் அடங்கிவிடுகிறது, முகம் மாறாமல் நின்றால் சிரிப்பு பெருகுகிறது என்பதை அவர் அந்த வயதிலேயே கண்டுகொண்டார். முகம் அசையவில்லை என்பதால் உணர்ச்சி இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவருடைய கண்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்.

கேள்வி: திரைத்துறைக்கு எவ்வாறு வந்தார்?

பதில்: 1917இல், நியூயார்க்கில் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் படப்பிடிப்பைக் காணச் சென்றவர், அப்படத்திலேயே நடித்தும் விட்டார். அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, அங்கிருந்த கேமராவை இரவல் வாங்கிச் சென்று, அறையில் வைத்துக் கழற்றி, அது எப்படி இயங்குகிறது என்று பார்த்துவிட்டு மறுபடி பூட்டியதாகச் சொல்லப்படும் செய்திதான். அவருடைய கலை முழுவதும் அந்த ஆர்வத்திலிருந்து பிறந்தது. முதல் உலகப் போரில் பிரான்சுக்குச் சென்று, செவிப்புலன் சற்றுக் குறைந்து திரும்பினார். 1920 முதல் தமக்கென அமைந்த படப்பிடிப்பு நிலையத்தில் குறும்படங்கள் எடுக்கத் தொடங்கினார்.

கேள்வி: சாகசக் காட்சிகளை எல்லாம் டூப் போடாமல் தாமே செய்தார் என்பது உண்மையா?

பதில்: பெரும்பாலும் உண்மை. 1927இல் வந்த 'காலேஜ்' படத்தில் கம்பூன்றித் தாண்டும் காட்சிக்கு மட்டும், ஒலிம்பிக் தங்கம் வென்ற லீ பார்ன்ஸை அழைத்துக்கொண்டார். 'ஷெர்லாக் ஜூனியர்' படத்திலோ, இன்னொரு நடிகருக்காக இவரே டூப்பாக மாறி மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்திருக்கிறார். அதே படத்தில், ரயில்பாதை ஓரத் தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்கியபோது, நீர் கொட்டிய வேகத்தில் தண்டவாளத்தில் பிடரி அடிபட விழுந்தார். சில நாள் தலைவலி என்று விட்டுவிட்டார். கழுத்தெலும்பில் முறிவு ஏற்பட்டு ஆறியிருந்தது பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரிந்தது. 1928இல் வெளிவந்த 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தில் வீட்டின் முகப்புச் சுவர் முழுவதும் அவர்மீது சாய, திறந்திருந்த மாடிச் சன்னல் வழியே அவர் தப்புவதும் தந்திரக் காட்சியன்று. சுவர் கனமான மெய்ச்சுவர். தலைக்கும் தோளுக்கும் சில அங்குலமே இடைவெளி. நிற்க வேண்டிய இடத்தை அளந்து குறித்துவிட்டு அவர் அங்கே அசையாமல் நின்றார்.

கேள்வி: பாலத்திலிருந்து ரயில் விழும் காட்சி பொம்மை ரயிலா?

பதில்: இல்லை. 'தி ஜெனரல்' படத்துக்காக 1926 ஜூலையில், ஆரிகன் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் என்ற ஊருக்கு அருகே, மெய்யான நீராவி எஞ்சினையே எரியும் பாலத்தின்மீது ஓடவிட்டு ஆற்றில் விழச்செய்தார்கள். அந்த ஒரு காட்சிக்கு ஏறத்தாழ 42,000 டாலர் செலவு. எஞ்சின் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய இரும்புக்காக எடுக்கப்படும் வரை ஆற்றிலேயே கிடந்தது. படம் அன்று வரவேற்புப் பெறவில்லை.

கேள்வி: பேசும் படம் வந்ததால் அவர் வீழ்ந்தார் என்று படித்தேன். சரிதானா?

பதில்: பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், எனக்கு இதில் உடன்பாடில்லை. மேடையில் பேசிப் பாடிப் பழகியவருக்கு ஒலி ஒரு தடையன்று. அவருடைய முதல் பேசும் படங்கள் வசூலிலும் குறை வைக்கவில்லை. ஒரே படத்தை வேற்று மொழிகளிலும் எடுத்த அக்காலத்தில், ஸ்பானிய வசனத்தை ஒலி கேட்டு மனனம் செய்து பேசியும் நடித்தார். அவர் இழந்தது சுதந்திரத்தை. 1928இல், தயாரிப்பாளரும் மனைவியின் அக்காள் கணவருமான ஜோசப் ஷென்க்கின் சொற்கேட்டு எம்.ஜி.எம். என்ற பெரிய ஹாலிவுட் பட நிறுவனத்தில் ஒப்பந்தம் செய்தார். போக வேண்டாம் என்று சாப்ளினே எச்சரித்திருந்தார். கதையை எழுதி முடிக்காமல், படப்பிடிப்பில் முட்டுப்பட்டால் ஆட்களோடு பேஸ்பால் ஆடி, யோசனை பிறந்ததும் கேமராவைச் சுழலவிடும் மனிதரிடம், முன்கூட்டியே எழுதி ஒப்புதல் பெற்ற வசனத்தாளை நீட்டினார்கள். குடி மிகுந்தது, 1932இல் மணமுறிவு, 1933இல் நிறுவனம் அவரை வெளியேற்றியது. பின்னர் அதே நிறுவனத்தில், மற்றவர்களின் படங்களுக்கு நகைச்சுவை யோசனை சொல்லும் ஆளாக வாரம் 100 டாலருக்கு வேலை பார்த்தார் என்பதை எண்ணும்போது இன்றும் மனம் பதைக்கிறது.

கேள்வி: படங்கள் எப்படிப் பிழைத்தன? அவருக்கு மீட்சி உண்டா?

பதில்: இரண்டுக்கும் ஆம் என்று சொல்ல முடிவதில் மகிழ்ச்சி. அவர் முன்பு வாழ்ந்த பெவர்லி ஹில்ஸ் மாளிகையைப் பின்னாளில் வாங்கிய நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே மறந்து கிடந்த படச்சுருள்களைக் கண்டெடுத்தார். அக்கால நைட்ரேட் சுருள் தானே சிதையக்கூடியது; இன்னும் சில ஆண்டுகள் கிடந்திருந்தால் தூளாகியிருக்கும். 1940இல் மணந்த எலியனோர் என்ற நடனக் கலைஞர் அவர் வாழ்வை நிலைப்படுத்தினார். 1960இல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது. 1966 பிப்ரவரி 1 அன்று காலமானார்.

கேள்வி: முதலில் எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

பதில்: 'ஷெர்லாக் ஜூனியர்' பாருங்கள்; முக்கால் மணி நேரம்தான். திரையரங்கில் படம் ஓட்டுபவன் கனவில் எழுந்து திரைக்குள்ளேயே நுழைந்துவிடுவான். அவன் நிற்க நிற்கப் பின்னணி மட்டும் மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேமராவுக்கும் தமக்கும் உள்ள தூரத்தை நில அளவைக் கருவியால் அளந்து, முன்பு நின்ற அதே இடத்தில் நின்றிருக்கிறார் கீட்டன். தோட்டத்து இருக்கையில் உட்காரப்போய்த் தெருவில் விழுவான். மலைவிளிம்பு வரும், சிங்கங்கள் வரும், கடல் நடுவே பாறை வரும். அந்தப் பாறையிலிருந்து அலைக்குள் தலைகீழாகப் பாய்வான்; தலை புதைவது பனிக்குவியலில்.