இரண்டாம் உலகப் போரில் இருந்த ஒரு ஜெர்மன் டாங்கி வீரரின் வாழ்க்கையைப் பழைய புகைப்படங்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தேடிப் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்கார அம்மாவின் தாய்மாமன் அவர்.

ஜெர்மனியில் ஹனோவர் பக்கம் வாடகைக்குக் குடியிருக்கிறேன். கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்கார அம்மா எண்பதை நெருங்குகிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காப்பிக்குக் கூப்பிட்டவர் ஷூ டப்பா ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே 17 படங்கள். "என் மாமா. ஜெனரல் ரோமலோடு ஆப்பிரிக்காவில் டாங்கியில் இருந்தார். அங்கேயே காணாமல் போய்விட்டார்" என்றார். அவர் பிறந்தது போர் முடிந்த பிறகு, மாமாவைப் பார்த்ததே இல்லை. அப்போது ஜெர்மனியின் கிழக்குக் கோடியாக இருந்த கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து 1945-இல் குடும்பமே ஓடி வந்தபோது அவருடைய அம்மா கையோடு எடுத்து வந்தது இந்த டப்பா.

முதல் படத்திலேயே நான் நம்பிவிட்டேன். சட்டை போடாத நான்கு பையன்கள் டாங்கிமேல் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். சுற்றிலும் புழுதி. கண்ணுக்கு எட்டியவரை ஒரு மரம் இல்லை. பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவில் 'ஆப்பிரிக்கா' என்று எழுதியிருந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

படம் கையில் கிடைத்ததும் எல்லோரும் முகத்தைத்தான் பார்ப்போம், நானும் அப்படித்தான். முகத்தில் ஒரு தகவலும் கிடையாது. உடுப்பைப் பாருங்கள். டப்பாவில் வேறு மூன்று படங்களில் மாமா கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். குட்டையாக, ஒரு பக்கத்தை மறுபக்கத்தின்மேல் மடித்துப் பொத்தான் போடும் கோட்டு. காலரின் இரண்டு பக்கமும் மண்டையோடு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எஸ்.எஸ். (நாஜிக் கட்சியின் சொந்தப் படை, கொலைகளுக்குப் பேர்போனது) ஆளோ என்று நினைத்து இரண்டு நாள் அந்த அம்மாவின் முகத்தையே பார்க்கவில்லை.

தப்பு என்னுடையது. 1930-களின் நடுவிலிருந்தே ராணுவ டாங்கிப் படையின் சீருடை அந்தக் கறுப்புக் கோட்டுதான். எண்ணெய்க் கறை தெரியாது என்பது ஒரு காரணம். மண்டையோடு பழைய பிரஷ்யக் குதிரைப்படையிலிருந்து வந்தது. பார்க்க வேண்டியது கழுகுச் சின்னத்தை. அது வலது மார்பில் இருந்தால் ராணுவம், இடது கையில் இருந்தால் எஸ்.எஸ். மாமாவுக்கு மார்பில் இருந்தது. போர் முடிவில் பிடிபட்ட டாங்கி வீரர்கள் சிலரை எதிரணியினரே இந்த மண்டையோட்டைப் பார்த்து எஸ்.எஸ். என்று நினைத்துவிட்டார்கள் என்றால், நான் எம்மாத்திரம்.

சொன்னதும் அந்த அம்மா பெருமூச்சு விட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் சங்கடம் உண்டு. எஸ்.எஸ். இல்லை என்பதால் கை சுத்தம் என்று ஆகிவிடாது. கிழக்கில் ராணுவம் செய்த கொலைகளைப் பற்றி 1995-இல் ஹாம்பர்க் ஆய்வு நிறுவனம் ஒன்று நடத்திய கண்காட்சி ஜெர்மனியையே இரண்டாகப் பிரித்தது, முக்கியமாகப் புகைப்படங்களால். சில படங்களில் கிடந்த பிணங்கள் உண்மையில் சோவியத் ரகசியப் போலீஸ் கொன்றவர்களுடையவை என்று வரலாற்று ஆய்வாளர்கள் காட்டியதும், 1999-இல் அதை நிறுத்தி வைத்தார்கள். விசாரணைக் குழு பார்த்ததில் 1,400-க்கும் மேற்பட்ட படங்களில் அங்கே இருக்கக் கூடாதவை 20-க்கும் குறைவு. மையக் கருத்து சரிதான் என்று குழு சொன்னது. ஆனாலும் அந்தச் சில படங்களின் விளக்க வரிகள் போதுமானதாக இருந்தன, இரண்டு வருடம் அதை மூடி வைக்க.

சரி, ஆப்பிரிக்காவுக்கு வருகிறேன். அங்கே போன டாங்கி வீரர்களுக்குக் கொடுத்தது பருத்தித் துணியில் தைத்த வெப்பமண்டலச் சீருடை. மண்டையோட்டை மட்டும் கழற்றி அதன் காலரில் குத்திக்கொண்டார்கள். நம் ஆளோ அதே புழுதியில் எடுத்த இன்னொரு படத்தில் கறுப்புக் கம்பளிக் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார். பின்னால் ஒரு லாரி. அதன் மட்கார்டில் கடுகளவு ஒரு வெள்ளை வட்டம். ஆப்பிரிக்கப் படையென்றால் பனைமரம் இருக்க வேண்டும். 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து பெரிதாக்கினால், வட்டத்துக்குள் ஒரு குதிரைவீரன் தடுப்பைத் தாண்டுகிறான்.

அது 24-வது பான்சர் (டாங்கி) டிவிஷனின் சின்னம். ஜெர்மன் ராணுவத்தின் குதிரைப்படை டிவிஷனை 1941-42 குளிர்காலத்தில் டாங்கி டிவிஷனாக மாற்றி உருவாக்கியது. குதிரை போனாலும் குதிரைக்காரப் பேச்சை அவர்கள் விடவில்லை. மற்ற டாங்கிப் படைகளில் 'கம்பனி' என்பதை இவர்கள் 'ஷ்வாட்ரோன்' என்பார்கள். நம் டப்பாவிலேயே பழைய படங்கள் இரண்டில் மாமா குதிரையோடு நிற்கிறார். ஊரில் யாருடைய குதிரையோ என்று ஒதுக்கி வைத்திருந்தேன்!

அந்த லாரிப் படத்தின் பின்னால் பென்சிலில் ஏதோ கிறுக்கல். அது சூட்டர்லின், அந்தக் கால ஜெர்மன் பள்ளிக்கூட எழுத்து. 1941-இல் பள்ளிகளில் நிறுத்தும்வரை அதைப் படித்து வளர்ந்தவர்கள்தான் இந்தப் பையன்கள். இன்றைய ஜெர்மானியர்களில் பெரும்பாலோருக்கே படிக்க வராது. நான் பயிற்சித்தாள் வைத்து இரண்டு வாரம் அ, ஆ படித்த பிறகு வாசித்தேன்: '4-வது ஷ்வாட்ரோன், ஜூலை 42.'

அந்த மாதம் இந்த டிவிஷன் ரஷ்யாவில் வொரோனேஷ் பக்கமிருந்து டான் ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அடுத்து ஸ்டாலின்கிராட். அந்தப் புழுதி ரஷ்யப் புல்வெளியின் புழுதி.

வேறு தடயங்களும் உண்டு. டாங்கிக் கோபுரத்தில் மூன்று இலக்க எண் இருந்தால் பெரும்பாலும் முதல் இலக்கம் கம்பனி, இரண்டாவது பிளட்டூன், மூன்றாவது வண்டி. வெள்ளி டாங்கிப் பதக்கம் 1939 டிசம்பரில்தான் வந்தது, அதனால் அது மார்பில் இருந்தால் படம் அதற்குப் பிந்தையது. ஸ்டுடியோ முத்திரையையும் பாருங்கள். மாமாவின் நல்ல படம் ஒன்றில் இன்ஸ்டர்பர்க் ஊர் முத்திரை இருந்தது. இப்போது அது ரஷ்யாவின் செர்னியாகோவ்ஸ்க். பின்னால் இந்த டிவிஷனாக மாறிய குதிரைப்படைப் பிரிவுக்குப் போருக்கு முன் தலைமையிடம் அந்த ஊர்.

பழைய பொருள் சந்தையில் படம் வாங்கித் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: எனக்கு அதில் இஷ்டமில்லை. நல்ல விலைக்காக ஆல்பத்தைப் பிய்த்துத் தனித்தனியாக விற்கிறார்கள். வரிசை போனால் பாதிக் கதை போச்சு. ஸ்வஸ்திகா தெரியக் கூடாது என்று ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருப்பார்கள், உரித்தால் படமும் உரியும்.

படம் படைப்பிரிவையும் மாதத்தையும் தரும். அதற்கு மேல் பெயர் வேண்டும். ராணுவ ஆவணக் காப்பகம் 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோனது. ஆனால் அடையாளத் தகட்டுப் பட்டியல்களும் இழப்பு அறிக்கைகளும் தப்பின. 2019-இலிருந்து அவை கூட்டாட்சி ஆவணக் காப்பகத்தின் கையில் இருக்கின்றன. விண்ணப்பம் போட்டால் பதில் வரும், பல மாதம் பொறுக்க வேண்டும். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஃபோல்க்ஸ்பண்ட் அமைப்பின் தளத்தில் பெயரைப் போட்டு இலவசமாகத் தேடலாம். எங்களுக்கு ஒரே நிமிடத்தில் வந்தது: 1943 ஜனவரி முதல் காணவில்லை, ஸ்டாலின்கிராட்.

கடைசியாக, ஜெர்மன் செஞ்சிலுவைச் சங்கம் 1950-களில் அச்சிட்ட காணாமல் போனோர் படப் பட்டியல். 200-க்கும் மேற்பட்ட தொகுதிகள், சுமார் 14 லட்சம் பெயர்கள். சிறையிலிருந்து திரும்பியவர்களிடம் இதைக் காட்டி "இவரைப் பார்த்தீர்களா?" என்று கேட்பார்கள். இப்போது அது இணையத்தில் இருக்கிறது. வீட்டுக்கார அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தேடினேன். மாமா இருந்தார், காணாமல் போன இடம் ஸ்டாலின்கிராட் என்று. தபால்தலை அளவுப் படம், அதே இன்ஸ்டர்பர்க் ஸ்டுடியோ படம்.

"இதைப் பாட்டிதான் கொடுத்திருக்க வேண்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்படியென்றால் வீட்டில் ரஷ்யா என்று தெரிந்திருக்கிறது" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பால்பாயின்ட் பேனா ஜெர்மனிக்கு வந்ததே போருக்குப் பிறகு. அந்த முதல் படத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அம்மா எழுத்து" என்றார்.